தனியாகக் கணக்கு படிப்பவருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

கணிதமோ இயற்பியலோ தானாகவே படிக்க உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் நின்றுபோகும் இடம், நான் பார்த்த வரையில், மூன்றாம் அத்தியாயம். முதல் அத்தியாயம் பள்ளியில் படித்ததன் மிச்சம், சுலபமாகப் போய்விடும். இரண்டாவதில் புதுச் சொற்களும் வரையறைகளும் வரும். அடிக்கோடு போட்டுக்கொண்டே கடந்துவிடலாம். மூன்றாவதில்தான் முன்னே படித்ததெல்லாம் கைக்கு வந்திருக்கிறதா என்று புத்தகம் கேட்க ஆரம்பிக்கும். அங்கே இரண்டு நாள் திணறிவிட்டு, "நமக்கு அவ்வளவு ஊக்கம் இல்லை போல" என்று மூடிவைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஊக்கத்தைத் தேடும் படலம். தன்னம்பிக்கைப் பேச்சுகள், விடிகாலை எழுவது எப்படி என்ற வீடியோக்கள், புது நோட்டு, புதுப் பேனா.

அப்படி மூடிவைத்தவர்களுக்கும் இனிமேல்தான் திறக்கப்போகிறவர்களுக்கும் ஒன்றைச் சொல்லலாம். ஊக்கம் என்பது படிக்கத் தொடங்கும் முன்பே கைவசம் இருக்க வேண்டிய முதல் என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கைப் பொறுத்தவரை அது முதல் இல்லை, வட்டி. போட்ட கணக்கு சரியாக வந்தால் கொஞ்சம் சேரும். ஒன்றும் போடாமல் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனால் இருந்ததும் கரையும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பேசியதைத் தன்திறன் நம்பிக்கை என்று சொல்லலாம். 'நான் கெட்டிக்காரன்' என்ற பொதுவான தன்னம்பிக்கையை அவர் சொல்லவில்லை. 'இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கையைச் சொன்னார். மேடையேறி அருமையாகப் பேசுகிறவருக்கு முக்கோணவியலில் அது துளிகூட இல்லாமல் இருக்கலாம். இருக்கிறவர் கடினமான இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். இல்லாதவர் சீக்கிரம் எழுந்துவிடுவார். அந்த நம்பிக்கை எப்படி வருகிறது? பிறர் செய்வதைப் பார்த்து வரலாம், யாராவது "உன்னால் முடியும்" என்று சொல்லி வரலாம், உடம்பும் மனமும் அன்றைக்கு இருக்கும் நிலையைப் பொறுத்தும் வரலாம். ஆனால் எல்லாவற்றையும்விட வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். தன்னம்பிக்கைப் பேச்சு மூன்று நாளில் வற்றிவிடுவதற்கும் காரணம் இதுதான். அது பிறர் வாயிலிருந்து வந்தது.

1981-இல் பண்டூராவும் டேல் ஷங்க் என்பவரும் வெளியிட்ட ஒரு சோதனை நமக்கு மிகவும் பொருந்தும். கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கிய, அதில் ஆர்வமும் இல்லாத சிறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் கிடையாது, தாங்களே படித்துப் போட்டுப் பார்க்கும்படி 42 பக்கப் பயிற்சித் தாள்கள், ஏழு அமர்வுகள். ஒரு பிரிவிடம், ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கமாவது முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு பிரிவிடம், ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். வேறொரு பிரிவுக்கு இலக்கே சொல்லவில்லை. ஏழாறு நாற்பத்திரண்டு, முதல் இரண்டு பிரிவுக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் ஆறு ஆறாகப் போன பிள்ளைகள்தான் கணக்கில் முந்தினார்கள், 'என்னால் முடியும்' என்பதிலும் முந்தினார்கள். பிறகு, விருப்பமிருந்தால் செய்யலாம் என்று சும்மா விட்டபோதும் அவர்கள்தான் அதிகக் கழித்தல் கணக்குகளைப் போட்டார்கள். ஆரம்பத்தில் ஆர்வமே இல்லாத பிள்ளைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. கணக்கு வந்த பிறகுதான் ஆர்வம் வந்தது.

பள்ளியில் இந்த வேலையை நமக்காக வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுப்பாடம், அதில் சிவப்பு மையில் ஒரு சரி, மாதத் தேர்வு, பக்கத்து பெஞ்சுக்காரனின் நோட்டு. சலிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொரு வாரமும் தெரிந்தது. தனியாகப் படிக்கும்போது இது அத்தனையும் போய்விடுகிறது. 600 பக்கப் புத்தகத்தை முடிப்பேன் என்பது மட்டும் மிஞ்சுகிறது. அது 42 பக்கப் பிரிவைவிட மோசமான நிலை.

வீடியோ தரும் திருப்தி

இப்போது நல்ல பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள், எம்ஐடியின் திறந்த பாடங்கள், கான் அகாடமி எல்லாமே இலவசம். விளக்குகிறவர் தெளிவானவராக இருந்தால் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. சிக்கலும் அங்கேதான்.

ஹார்வர்டில் அறிமுக நிலை இயற்பியல் மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்குத் தேர்ந்த விரிவுரையாக நடத்தினார்கள். இன்னொரு பிரிவில் மாணவர்களையே முதலில் கணக்கோடு மல்லுக்கட்ட வைத்தார்கள். தேர்வு வைத்தபோது மல்லுக்கட்டியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் 'எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்' என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள்.

தனியாகப் படிக்கிறவருக்கு இது ஆபத்தான கண்ணாமூச்சி. கற்காதபோது நன்றாக இருக்கிறது. கற்கும்போது தலை கனக்கிறது. உணர்வை நம்பி நடந்தால் வீடியோவுக்கு மேல் வீடியோ பார்த்துக்கொண்டே போவோம், மூன்றாம் அத்தியாயத்தில் கணக்கு வராது, மனம் விட்டுப்போகும். ஆகவே அரை மணி நேரம் பாடம் பார்த்தால், குறைந்தது அதே அளவு நேரம் பேனாவும் கையுமாக இருக்க வேண்டும். தலை கனத்தால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

கணக்கு வரவில்லை என்றால் உடனே விடைப் பக்கத்துக்கு ஓட வேண்டாம். மூன்று நாள் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ளவும் வேண்டாம். அரை மணி நேரம் முட்டிப் பாருங்கள். பிறகு விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மீதியைத் தாளால் மூடிக்கொண்டு தொடருங்கள். அப்படி உதவி வாங்கிப் போட்ட கணக்கை மறுநாள் எதையும் பார்க்காமல் திரும்பப் போட வேண்டும். இந்த மறுநாள் வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சரியா தப்பா என்று யார் சொல்வது?

நமக்குச் சிவப்பு மை கிடையாது. ஆனால் இந்த இரண்டு பாடங்களுக்கும் ஒரு விசேஷம் உண்டு: விடை சரியா என்பதை ஆசிரியர் இல்லாமலே பெரும்பாலும் சோதித்துவிடலாம். வரலாற்றிலோ இலக்கியத்திலோ இந்த வசதி இல்லை. தனியாகப் படிக்கக் கணிதமும் இயற்பியலும் கஷ்டம் என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இவைதான் மிகவும் தோதானவை என்பது என் கட்சி.

ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலில் ஏதாவது கனமான சிறு பொருளைக் கட்டித் தொங்கவிட்டு, சற்றே இழுத்து விட்டால் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் T = 2π√(L/g). L நூலின் நீளம், g ஈர்ப்பு முடுக்கம், சுமார் 9.8 மீ/வி². இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: g மேலே, L கீழே. அது தப்பு என்று கண்டுபிடிக்கப் புத்தகம் தேவையில்லை. L மீட்டர், g மீட்டர்/வினாடி². g/L என்றால் மீட்டர் அடிபட்டு 1/வினாடி² மிஞ்சும். வர்க்கமூலம் எடுத்தால் 1/வினாடி. நமக்கு வேண்டியது வினாடி. ஆகவே தலைகீழ். அலகு பார்க்க மறந்துபோனாலும் இன்னொரு வழி இருக்கிறது. தலைகீழ்ச் சூத்திரப்படி கயிறு நீள நீள ஊசல் வேகமாக ஆட வேண்டும். ஆலமர விழுதில் ஆடியவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்போது நூலை ஒரு மீட்டர் வைத்துக் கணக்குப் பார்த்தால் T சுமார் 2.0 வினாடி. இருபது ஆட்டத்துக்கு 40 வினாடி. எழுதி வைத்துவிட்டு, கதவு நிலையில் ஓர் ஆணியில் நூலைக் கட்டி, போனிலுள்ள ஸ்டாப்வாட்ச்சை எடுத்து அளந்து பாருங்கள். அதிகமாக இழுத்து விட வேண்டாம். இந்தச் சூத்திரம் சிறிய கோணத்துக்குத்தான். 38 வினாடி வருகிறதா? சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் எண்ணியதைச் சந்தேகியுங்கள். கையை விட்ட கணத்தில் 'ஒன்று' என்று தொடங்கியிருப்பீர்கள். 'சைபர்' என்று தொடங்க வேண்டும். இருபது என்று எண்ணியபோது நடந்தது பத்தொன்பது ஆட்டம்தான். 40.7 வருகிறதா? நூலின் நீளத்தை முடிச்சு வரை அளந்திருப்பீர்கள். தொங்கும் பொருளின் நடுப்புள்ளி அதற்கு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தால் நீளம் 1.03 மீட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள், 40.7 சரியாக வந்து நிற்கும். நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் ஆட்ட நேரம் பாதியாக வேண்டும். கட்டிய பொருளை மாற்றி வேறு எடை கட்டினாலும், நடுப்புள்ளி அதே இடத்தில் இருந்தால், நேரம் மாறக் கூடாது. இரண்டையும் செய்து பாருங்கள்.

தாளில் எழுதிய எண் கதவு நிலையிலும் வந்து நிற்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்கு அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்க யாரும் உங்களைத் தள்ள வேண்டியிருக்காது.

கணிதத்திலும் இதே மாதிரி சோதனைகள் உண்டு. கால்குலஸில் தொகையீடு (integration) செய்தால், வந்த விடையை வகையிட்டுப் பாருங்கள். புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். சமன்பாட்டைத் தீர்த்தால் விடையை அதிலேயே திரும்பப் போடுங்கள். ஒரு சூத்திரம் சந்தேகமாக இருந்தால் சின்ன எண்களைப் போடுங்கள்: (a+b)² என்பது a²+b² தானா? இரண்டுக்கும் 1 போட்டால் ஒரு பக்கம் 4, மறு பக்கம் 2. முடிந்தது.

"புரியவில்லை" என்பதன் பின்னால்

ஊக்கம் போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் எந்த வரியில் போயிற்று என்று கேட்டுப் பார்த்தால், பல நேரம் அது ஊக்கப் பிரச்சினையாக இருக்காது. கால்குலஸில் வரும் வகைக்கெழுவின் (derivative) முதல் எடுத்துக்காட்டையே பாருங்கள். x² என்ற சார்புக்கு, (x+h)² − x² என்பதை h-ஆல் வகுக்க வேண்டும். விரித்தால் 2xh + h². அதை h-ஆல் வகுத்தால் 2x + h. பிறகு h பூச்சியத்தை நெருங்கும்போது 2x. இதில் புதிதாக வருவது கடைசிப் படி மட்டும். முதல் இரண்டும் ஒன்பதாம் வகுப்புச் சங்கதி. ஆனால் (x+h)²-ஐ விரிப்பது மறந்துபோனவருக்கு முழுப் பக்கமும் இருட்டாகத் தெரியும்; 'கால்குலஸ் நமக்கு ஏறாது' என்று முடிவு கட்டிவிடுவார். பாவம், கால்குலஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் நகரவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. நாற்பது வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்க்கப்போகிறவரும் யாருமில்லை. ஒரு வாரம் பின்னங்களும் இயற்கணிதமும் போட்டுவிட்டு மேலே வந்தால், முன்பு ஒரு மாதமாக நகராத பக்கம் நகரும்.

ஒரு பெரிய கேள்வி

அன்றாடத்துக்குச் சின்ன இலக்கு போதும். ஆனால் மாதக்கணக்கில் இழுத்துப்போக ஒரு கேள்வி வேண்டும். 'இயற்பியல் கற்க வேண்டும்' என்பது கேள்வி இல்லை. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா ஏன் வருடக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது கேள்வி. அந்தச் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது; அப்படியானால் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? இதற்கு வட்ட இயக்கம், நியூட்டனின் ஈர்ப்பு விதி, கொஞ்சம் இயற்கணிதம், கடைசியில் ஒரு கனமூலம் தேவைப்படும். பதினோராம் வகுப்பு அளவுதான். போட்டு முடித்து 42,000 கிலோமீட்டர் சொச்சம் வந்தால் பதற வேண்டாம்: அது பூமியின் மையத்திலிருந்து. பூமியின் ஆரத்தைக் கழித்தால் சுமார் 35,800 கிலோமீட்டர், சரியான விடை.

கேள்வி ஒன்று மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு ஆலிவர் ஹெவிசைடு நல்ல உதாரணம். 1850-இல் லண்டனில் பிறந்தவர். பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை. நீண்ட கேபிளில் அனுப்பும் சமிக்ஞைகள் மறுமுனைக்குப் போகும்போது ஏன் கலங்கிவிடுகின்றன என்பது அவர் தினமும் கண்ட பிரச்சினை. 1873-இல் மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூல் வந்தபோது அதை எடுத்துப் புரட்டினார். ஒன்றும் புரியவில்லை. பள்ளியில் படித்த இயற்கணிதமும் முக்கோணவியலும்கூடப் பெரும்பாலும் மறந்துவிட்டன என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். புரிந்துகொள்ள முடிந்த அளவு புரிந்துகொள்ளவே பல வருடங்கள் பிடித்தன. அதன் பிறகு அந்த நூலை ஓரமாக வைத்துவிட்டுத் தன் வழியில் போனதாகவும், அப்போது இன்னும் வேகமாக முன்னேறியதாகவும் சொல்கிறார். இன்று பாடநூல்களில் நான்கு வரியில் நிற்கும் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் 1880-களில் அவர் கையால் அந்த வடிவத்துக்கு வந்தவை. சமிக்ஞை கலங்காமல் போகக் கேபிள் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே கண்டுபிடித்தார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெவிசைடு 1874-இல் வேலையை விட்டவர், பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. பெற்றோர் வீட்டில் இருந்தார். நமக்கு மாதத் தவணை இருக்கிறது. அவருடைய வேகத்தோடு நம் வேகத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தானாகப் படித்தவர் என்றதும் நமக்கு ராமானுஜன் நினைவுக்கு வருவார். அவருடைய கதையைப் பிறவி மேதைமை என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம்; அதில் நமக்குப் பயன்படுவது வேறு. பதின்ம வயதில் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் நூல், பல ஆயிரம் சூத்திரங்களின் தொகுப்பு. நிரூபணங்கள் குறைவு, பல இடங்களில் ஒரு குறிப்போடு சரி. விளக்கமாக எழுதிய புத்தகம் என்றால் படித்துக்கொண்டே போயிருக்கலாம். இதிலோ ஒவ்வொரு வரியும் 'எங்கே, நீயே காட்டு' என்று கேட்கும் கணக்கு. தாள் விலை கட்டுப்படியாகாது, சிலேட்டில் போட்டார். அவருக்கும் தனிமை மட்டும் போதவில்லை. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் மற்றவர்களுக்குக் கேள்விகள் போட்டார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது மேலதிகாரி நாராயண ஐயரோடு உட்கார்ந்து கணக்குப் பேசினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். (கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் கல்லூரித் தேர்வில் தோற்றதும், உதவித்தொகை போனதும் அதே கதைதான். வீட்டில் வேறு பாடங்களில் தேறவேண்டிய பிள்ளை இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.)

நமக்கு ஹார்டி தேவையில்லை. வாரம் ஒருமுறை நீங்கள் போட்ட ஒரு கணக்கைக் காட்ட ஓர் ஆள் போதும். பிளஸ் டூ படிக்கும் மருமகள், அலுவலகத்தில் பக்கத்து மேசை இன்ஜினியர், யாராக இருந்தாலும் சரி. அவர் உங்களைவிட அதிகம் தெரிந்தவராக இருக்க வேண்டியதும் இல்லை. "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும். பதில் சொல்ல முடியாத வரிதான் நாளைய பாடம்.

நாள் தவறாமல் படித்ததை எண்ணிக் காட்டும் செயலிகளைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிர் போடுவதற்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, காசு வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. எண்ணிக்கையும் ஒருவகைக் காசுதான். அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ராத்திரி பதினொன்றரைக்குச் சுலபமான கணக்காகத் தேடிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் இடையில் ஒருநாள் அறும். கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் நெருக்கடி என்று மூன்று மாதம் ஓடிவிடும். திரும்பி வரும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது பெரும்பாலோர் செய்வது. அதே முதல் இரண்டு அத்தியாயங்களை நாலாவது முறை படித்துவிட்டு அதே மூன்றாவதில் நிற்பார்கள். அதற்குப் பதில் பழைய நோட்டை எடுத்து, கடைசியாகச் சரியாகப் போட்ட கணக்கைத் தேடுங்கள். விடையை மூடிக்கொண்டு மறுபடி போடுங்கள். வந்தால் அடுத்த கணக்கு. வராவிட்டால் அதற்கு முந்தைய கணக்கு.